முதற்காலடி என்னும் பொய்

விண்கலம் ஓட்டும் கணினி விளையாட்டில் ஆட்டக்காரர் கலத்தை விட்டு இறங்கி நடக்க வேண்டுமா? இக்கேள்விக்கு இரண்டு விடைகள் புழக்கத்தில் உள்ளன. வேண்டாம் என்பது முதல் விடை. இது கலத்தின் விளையாட்டு. கால்களைச் சேர்த்தால் பறத்தலின் செறிவு குறையும், உருவாக்குநர்களின் உழைப்பு சிதறும் என்பது அத்தரப்பின் வாதம். வேண்டும் என்பது இரண்டாம் விடை. இறங்க முடியாத கோள் வெறும் திரைச்சீலை. நடக்கும் வசதி வந்துவிட்டால் அனுபவம் முழுமையடையும் என்பது இவர்களின் வாதம். சண்டை கடுமையானதுதான். ஆயினும் இரு தரப்பும் ஓர் அடிப்படையில் உடன்பட்டே சண்டையிடுகின்றன. நடை என்பது பயணத்தோடு பின்னர் இணைக்கத்தக்க ஓர் உதிரி உறுப்பு என்பதே அந்த உடன்பாடு. பிழை அங்கேதான் தொடங்குகிறது.

நடையை இணைத்த விளையாட்டுகள் இதுவரை கால்களை இணைத்துள்ளன, நிலத்தை இணைக்கவில்லை. அவற்றில் நடப்பவர் எப்போதும் முதலாமவர். அவருக்கு முன் யாரும் அங்கு நடந்ததில்லை. நடந்திருந்தாலும் அது கணக்கில் வராது. இக்கற்பனை விளையாட்டோடு நின்றுவிடும் ஒன்றன்று. திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலையோரத்தில், விதுராவைக் கடந்து, போனக்காட்டில் நிற்பவருக்கு அது வேறொரு வடிவில் கண்முன் தெரியும்.

முதலில் விளையாட்டுகளை எடுத்துக்கொள்வோம். டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984இல் உருவாக்கிய எலீட், பறத்தலையும் வணிகத்தையும் விண்சண்டையையும் மட்டுமே கொண்டிருந்தது. அதன் வழிவந்த எலீட் டேஞ்சரஸ் 2014 டிசம்பரில் வெளியானது. ஓராண்டு கழித்து வந்த ஹொரைசன்ஸ், வளிமண்டலமற்ற கோள்களில் கலத்தை இறக்கிச் சக்கர ஊர்தியில் செல்ல வழி செய்தது. 2021 மே மாதம் வந்த ஒடிசியில்தான் ஆட்டக்காரருக்குக் கால்கள் கிடைத்தன. வெளியீடு பழுதுகள் நிறைந்திருந்தது. பிரேபன் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பழுதுகள் காலப்போக்கில் திருத்தப்பட்டன. கருத்தாக்கத்தின் பழுது அப்படியே இருக்கிறது. கலத்தின் உள்ளே நடக்க முடியாது. இருக்கையிலிருந்து தரைக்கு வரும் இடைவெளியைத் திரை இருண்டு விழுங்கிவிடுகிறது. இறங்கிய பின் கால்களுக்குத் தரப்படும் பணிகளுள் பெரும்பகுதி துப்பாக்கிப் பணி. கட்டடங்களுக்குள் புகுவதும் சுடுவதும் திருடுவதும் எந்தத் தரையிலும் நிகழக்கூடியவை. அவற்றுக்குக் கோள் தேவையில்லை.

ஒடிசியில் நடைக்குரிய தனிப்பணி என்று சொல்லத்தக்கது ஒன்றுண்டு. அது வேற்றுக்கோள் உயிரியல். ஓர் உயிரினத்தின் மூன்று மாதிரிகளை, ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து குறிப்பிட்ட தொலைவு விலகியிருக்குமாறு, நடந்து சென்று சேகரிக்க வேண்டும். மரபணு வேறுபாட்டுக்காகத் தொலைவை நிபந்தனையாக்கும் இவ்விதி நல்ல விதி. தொலைவுக்குப் பொருள் தரும் விதி. நடைமுறையில் நிகழ்வது என்ன? ஆட்டக்காரர் ஒரு மாதிரியை எடுக்கிறார், கலத்தில் ஏறுகிறார், அடுத்ததன் மேல் பறந்து இறங்குகிறார், பத்தடி நடக்கிறார், மீண்டும் ஏறுகிறார். நடக்காமலிருப்பதே அதில் திறமை. இதற்காக ஆட்டக்காரரைக் குறைகூறுவதில் பயனில்லை. இரண்டு மாதிரிகளுக்கு இடைப்பட்ட நிலம் எதையும் சொல்லாதபோது அதன்மீது நடக்க யாருக்கும் காரணமில்லை.

2016 ஆகஸ்டில் வெளியான நோ மேன்ஸ் ஸ்கை இரண்டின் 64ஆம் அடுக்கு எண்ணிக்கையில், அதாவது 18 குவிண்டில்லியனுக்கும் மேற்பட்ட கோள்களை வாக்களித்தது. கலத்திலிருந்து தரைக்கு இடையறாமல் இறங்கலாம் என்பது அதன் உண்மையான சாதனை. ஆயினும் அதன் கோள்களில் ஒரு விசித்திரத்தைக் காணலாம். ஏறத்தாழ எங்கும் கட்டடங்கள் உள்ளன. அவற்றில் வேற்றினத்தவர் அமர்ந்திருக்கிறார்கள். காவல் இயந்திரங்கள் ரோந்து சுற்றுகின்றன. இத்தனைக்கும் நடுவே இறங்கும் ஆட்டக்காரரின் பெயரில் அக்கோள் 'கண்டுபிடிக்கப்பட்டதாக'ப் பதிவாகிறது. பெயர் சூட்டும் உரிமையும் அவருடையதே. அங்கு ஏற்கெனவே வாழ்பவர் அதை எப்படி அழைத்தார் என்று கேட்பதற்கு ஒரு பொத்தான்கூட இல்லை. அவர்களின் மொழிகளும் அவ்வாறே. ஒவ்வொரு சொல்லாகச் சேகரிக்கலாம். சேகரித்த சொல் ஆங்கிலச் சொல்லின் இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும். தொடரமைப்பு இல்லை, வேற்றுமை இல்லை, மரியாதை வழக்கு இல்லை. மொழியியல் முதலாண்டு மாணவர் எவரும் இதை மொழி என்று ஏற்கமாட்டார், இது சொற்பட்டியல். நிலத்தை வளப்பட்டியலாகக் காணும் கண் மொழியையும் பட்டியலாகவே காண்கிறது.

2023 செப்டம்பரில் வந்த ஸ்டார்ஃபீல்ட் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்களைத் தந்தது. இறக்கம் ஒரு காட்சித்துண்டு. இறங்கிய இடத்தைச் சுற்றி ஓர் எல்லை. எல்லையை அடைந்தால் திரும்பிப் போகுமாறு அறிவிப்பு. நடை சலிப்பூட்டுகிறது என்ற புகாருக்கு 2024 ஆகஸ்டில் ஓர் ஊர்தி விடையாக வந்தது. நடை ஏன் சலிப்பூட்டுகிறது என்ற கேள்வி கேட்கப்படாமலே முடித்துவைக்கப்பட்டது.

மூன்று விளையாட்டுகளும் ஒரே இலக்கணத்தைப் பின்பற்றுகின்றன. அதன் மையச்சொல்லை ஒடிசியே தந்திருக்கிறது: ஃபர்ஸ்ட் ஃபுட்ஃபால், முதற்காலடி. ஒரு கோளில் முதலில் கால் பதித்தவரின் பெயர் அக்கோளின் தகவலோடு நிலையாகப் பதியும். பின்னர் வருவோர் அதைப் படிக்கலாம். ஆனால் முதலாமவர் எந்த வழியில் நடந்தார், எங்கே தடுமாறினார், எதைத் தவிர்த்தார் என்பன எங்கும் பதிவாவதில்லை. பெயர் மிஞ்சுகிறது, தடம் அழிகிறது. அறிவு நோக்கில் இது தலைகீழ் ஏற்பாடு. பின்னால் வருபவருக்குத் தடம் பயன்படும். பெயரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

விண்ணில் முன்னவர் இல்லை, ஆகவே அங்கு முதற்காலடி பொய்யன்று என்று எதிர்வாதம் வரலாம். நிலவைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் நிலவில் உண்மையாக நடந்தவர்களின் வரலாறு இவ்விளையாட்டுகளுக்குச் சாதகமான சாட்சியம் அன்று. 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14இன் ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் கைவண்டியை இழுத்துக்கொண்டு கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேட்டில் ஏறினார்கள். மரமோ வீடோ இல்லாத நிலத்தில் தொலைவைக் கண் அளக்க முடியவில்லை. ஒவ்வொரு மேடும் விளிம்பைப் போலவே தோன்றியது. நேரம் தீர்ந்து திரும்பினார்கள். விளிம்பிலிருந்து சுமார் 30 மீட்டர் தொலைவு வரை அவர்கள் சென்றிருந்தனர் என்பது பின்னர்தான் தெரிந்தது. சுற்றுப்பாதையிலிருந்து எடுத்த படங்கள் அவர்களிடம் இருந்தன. படத்தில் தெளிவாயிருந்த பள்ளம் காலடியில் மறைந்துவிட்டது. மேலிருந்து பெறும் அறிவும் தரையில் பெறும் அறிவும் ஒன்றன்று என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டியதில்லை. எந்த விளையாட்டு இத்தோல்வியை வடிவமைத்திருக்கிறது? அங்கே இலக்கு ஒளிரும் குறியாகத் திரையில் மிதக்கிறது. மீட்டர் கணக்கு குறைந்துகொண்டே வருகிறது. தொலைந்துபோக வழியே இல்லை.

இன்னொரு சான்றும் உண்டு. அப்பல்லோ 15 முதல் மூன்று பயணங்களில் நிலவு ஊர்தி பயன்பட்டது. எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை ஊர்தியின் வேகமோ மின்கலமோ மட்டும் தீர்மானிக்கவில்லை. ஊர்தி பழுதானால் எஞ்சியிருக்கும் உயிர்வளியைக் கொண்டு கலத்துக்கு நடந்தே திரும்ப முடிய வேண்டும், அத்தொலைவுதான் எல்லை. சக்கரத்தின் எல்லையைக் கால் வகுத்தது. நடை ஒரு கூடுதல் வசதியாக அங்கு வரவில்லை. முழுப் பயணத்தின் அளவுகோலாகவே இருந்தது. இணைப்பு என்ற சொல்லுக்கு ஏதேனும் பொருளுண்டென்றால் அது இதுவே.

மண்ணுக்கு வருவோம். விண்ணை அறிவதற்கும் காலால் நடப்பதற்கும் உள்ள உறவைத் திருவனந்தபுரத்தை விடத் தெளிவாகக் காட்டும் நகரம் இந்தியாவில் வேறில்லை. சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல், இங்கே வானாய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1852இல் அதன் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரவுன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், புவிக்காந்த மாற்றங்களைச் சமவெளியிலும் உயரத்திலும் ஒரே காலத்தில் அளக்க விரும்பி, 1850களின் நடுவில் அகத்தியமலையின் உச்சிப்பகுதியில் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். சாலையற்ற அம்மலைக்குக் கருவிகள் மனிதத் தோள்களில்தான் ஏறின. அளவீடுகள் புரவுனின் பெயரில் அச்சேறின. சுமந்தவர்களின் பெயர்கள் அச்சேறவில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்து, காந்த நடுக்கோட்டின் அண்மை காரணமாகவே தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. ராக்கெட்டின் கூம்பு மிதிவண்டியில் கொண்டுசெல்லப்படும் படம் உலகறிந்தது. அப்படத்தை எளிமையின் அடையாளமாகப் போற்றுவோர் ஒன்றை மறக்கிறார்கள்: தும்பா வெற்றுக் கடற்கரையாக இருக்கவில்லை. மீனவர் குடியிருப்பும் மரிய மகதலேனாள் தேவாலயமும் அங்கிருந்தன. ஊர் இடம்பெயர்ந்தது; தேவாலயம் அலுவலகமாயிற்று. இந்தியா விண்ணுக்கு எடுத்து வைத்த முதலடிக்குக் கீழே ஏற்கெனவே ஓர் ஊரின் காலடிகள் இருந்தன.

போனக்காட்டுக்குத் திரும்புவோம். அகத்தியர்கூடம் 1868 மீட்டர் உயரமுள்ள சிகரம். தமிழ் மரபு அதைப் பொதியில் என்றும் பொதிகை என்றும் அழைத்து, தமிழின் முதல் இலக்கண ஆசிரியராகக் கருதப்படும் அகத்தியரை அங்கே அமர்த்தியிருக்கிறது. கேரளப் பக்கத்திலிருந்து ஏறும் மலையேற்றம் போனக்காட்டில் தொடங்குகிறது. அதிருமலை முகாமில் தங்கி, பொங்காலப்பாறையைக் கடந்து, உச்சியை அடைய வேண்டும். வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இன்றிச் செல்ல இயலாது. வழிகாட்டிகளுள் பலர் காணி மக்கள். அங்கு யார் நடக்கலாம் என்பதே வழக்குக்குரிய கேள்வியாக இருந்திருக்கிறது. பெண்களுக்கு இருந்த தடையைக் கேரள உயர்நீதிமன்றம் 2018இல் நீக்கியது. 2019 ஜனவரியில் பெண்கள் சிகரம் ஏறினர். காணி மக்களில் ஒரு பகுதியினர் தம் நம்பிக்கையை முன்வைத்து அதை எதிர்த்தனர். தீர்ப்பை ஆதரிக்கலாம், எதிர்ப்பைப் புரிந்துகொள்ள முயலலாம். எப்படியாயினும் அம்மலையில் ஒவ்வோர் அடியும் உரிமைகளின் நடுவே வைக்கப்படும் அடி. உரிமை கோருவோர் எவரும் இல்லாத தரை அங்கு ஒரு முழங்கூட இல்லை.

அதே மலைத்தொடரில் வேற்றுக்கோள் உயிரியலுக்கு நேர் மறுதலையான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக் குழு அகத்தியமலைக் காடுகளில் பயணம் செய்தது. அறிவியலாளர்கள் களைத்துப் போனார்கள். உடன்சென்ற காணி வழிகாட்டிகள் களைக்கவில்லை. நடக்கும்போது அவர்கள் ஒரு செடியின் பழங்களை மென்றுகொண்டிருந்தார்கள். அறிவியலாளர்களும் தின்று பார்த்தார்கள், சோர்வு நீங்கியது. செடியை அடையாளம் காட்ட வழிகாட்டிகள் முதலில் தயங்கினர், பின்னர் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கியது. 1990களின் நடுவில் அதன் உற்பத்தி உரிமம் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு வழங்கப்பட்டது. உரிமத் தொகையிலும் தொடர் ஈவிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. அந்த ஏற்பாடு குறையற்றதன்று. எல்லாக் காணிக் குடியிருப்புகளும் கலந்தாலோசிக்கப்படவில்லை என்ற விமர்சனம் இன்றுவரை நிற்கிறது. ஆயினும் உலக அளவில் அது பயன்பகிர்வின் முன்னோடியாகப் பேசப்பட்டது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். விளையாட்டில் தனியொருவர் கருவியை நீட்டுகிறார், உயிரினம் தகவலாகிறது, தகவல் பணமாகிறது, முதலில் பதிந்ததற்குக் கூடுதல் பணம். மலையில் களைத்த ஒருவர் களைக்காத ஒருவரின் பின்னால் நடக்கிறார், அவர் என்ன தின்கிறார் என்று பார்க்கிறார், கேட்கிறார், மறுக்கப்படுகிறார், மீண்டும் கேட்கிறார். களைப்பு இல்லையேல் கேள்வி இல்லை. பின்னால் நடக்கவில்லையேல் பார்த்திருக்கவே முடியாது. கண்டுபிடிப்பு என்று பின்னாளில் பெயர் பெற்ற அனைத்தும் பின்னடையில் நிகழ்ந்தன. அதன்பின் எழுந்த கணக்கும் எவருக்கு எவ்வளவு கடன் என்ற கணக்கே. முதற்காலடி என்னும் சொல்லால் இந்நிகழ்ச்சியின் ஒரு கூற்றைக்கூட விளக்க முடியாது.

தமிழ் இலக்கியம் பின்னடைக்கு ஒரு தனி வகைமையையே அமைத்திருக்கிறது. ஆற்றுப்படையில் பேசுபவர் போய்த் திரும்பியவர். கேட்பவர் இனிப் போகவிருப்பவர். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்கிறது. பன்றிப் பொறி எங்கிருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது, வழுக்கும் பாறையை எப்படிக் கடப்பது, வழியில் எந்தக் குடியினர் என்ன உணவு தருவர் என்பனவெல்லாம் அதில் உண்டு. மலையில் எழும் ஒலிகளின் நீண்ட வரிசையும் உண்டு. தான் முதலில் போனதாக அதில் பேசுபவர் பெருமை கொள்வதில்லை. பின்னால் வருபவர் பிழைத்துப் போய்ச் சேர வேண்டும் என்பதே அவர் கவலை. புறவெளியை ஆராயும் விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி இல்லை. பழம்பெருமை பேசுவதற்காக இது இங்கே குறிப்பிடப்படவில்லை. பயணத்தை அறிவாக மாற்றும் ஒரு நுட்பம் என்ற அளவிலேயே அதற்கு இன்றும் மதிப்பு.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை என்போருக்கு இரண்டு விளையாட்டுகள் விடை சொல்லும். 2019இல் வெளியான அவுட்டர் வைல்ட்ஸில் கோள்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவை கையால் செதுக்கப்பட்டவை. கலத்தை ஓட்டலாம், இறங்கி நடக்கலாம். இரண்டுக்கும் இடையே திரை இருள்வதில்லை. ஆட்டக்காரர் முதலாமவர் அல்லர். நோமாய் என்னும் இனம் அங்கு நெடுங்காலம் முன்பே வாழ்ந்து மறைந்திருக்கிறது. சுவர்களில் அவர்கள் எழுதிய உரையாடல்கள் சுருள்களாகக் கிளைக்கின்றன. ஒருவரின் கூற்றுக்கு மற்றவரின் மறுமொழி கிளையாக எழுகிறது. ஆட்டக்காரர் அவற்றைப் பெயர்த்துப் படித்து, அவர்கள் நடந்த வழியில் நடக்கிறார். அந்த ஆட்டத்தில் சேர்வது அறிவு ஒன்றே. புதிய துப்பாக்கியோ கூடுதல் வலிமையோ கிடைப்பதில்லை. அதே ஆண்டு வெளியான டெத் ஸ்ட்ராண்டிங் விண்வெளி விளையாட்டன்று. சுமை சுமந்து நடக்கும் விளையாட்டு. பலர் நடந்த இடத்தில் பாதை தேய்ந்து உருவாகிறது. முகமறியா ஒருவர் வைத்துச் சென்ற ஏணி இன்னொருவரை ஆற்றைக் கடக்கச் செய்கிறது. எனவே தொழில்நுட்பம் தடையாக இல்லை. குவிண்டில்லியன் கோள்களைக் கணிக்கும் ஆற்றலுடைய கணினிக்கு ஒரு பாதையை நினைவில் வைப்பது கடினமான வேலையா?

விளையாட்டு விளையாட்டுதானே, அதன் மீது இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்போர் போனக்காட்டை ஒருமுறை பார்க்கட்டும். அங்குள்ள தேயிலைத் தோட்டம் முடங்கிப் பல ஆண்டுகளாகின்றன. தொழிற்சாலை துருவேறிச் சிதைந்து நிற்கிறது. பழைய மேலாளர் பங்களா மேட்டில் பாழடைந்து கிடக்கிறது. அந்தப் பங்களாவில் பேய் உலவுவதாக ஒரு கதை இணையத்தில் பரவியிருக்கிறது. அதை நாடி இளைஞர்கள் வருகிறார்கள். இரவில் விளக்கோடும் கேமராவோடும் நுழைகிறார்கள். 'ஆளரவமற்ற ஊர்' என்று தலைப்பிடுகிறார்கள். ஊரில் ஆள் இருக்கிறார்கள். பங்களாவின் கீழே, ஒழுகும் லயங்களில், தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. அவர்களுள் பலர் தமிழ் பேசுவோர். நிலுவைக் கூலிக்கும் பணிக்கொடைக்குமான காத்திருப்பு அவர்களின் அன்றாடம். ஊர்ப்பெயரை மலையாளம் குரலொலிப் பகரத்தோடு தொடங்குகிறது. ஆங்கில எழுத்தும் அவ்வாறே. தமிழ் எழுத்தில் அவ்வொலி வேறுபாடு இல்லை, எழுதினால் போனக்காடு. போன காடு என்று பிரித்துப் படித்தால் பிழையான சொற்பிறப்பு கிடைக்கும். ஆனால் கைவிட்டுப் போனது எது என்ற கேள்வி மட்டும் சரியாகவே எழும்.

பேய்வேட்டைக் காணொளியின் கண்ணும் விண்வெளி விளையாட்டின் கண்ணும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஸ்டார்ஃபீல்டின் கோள்களில் 'கைவிடப்பட்ட' என்னும் அடைமொழியோடு நிலையங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. உள்ளே அதே அறைகள், அதே பிணங்கள், அதே குறிப்புத்தாள்கள். யார் கைவிட்டார்கள், ஏன், எவருக்கு என்ன நிலுவை என்பன அங்கு கேள்விகளே அல்ல. கைவிடப்படுதல் ஓர் அலங்காரம். அலங்காரமாகப் பார்க்கப் பழகிய கண், லயத்து வாசலில் உலரும் துணியைக் கண்டும் காணாமல் பங்களாவை நோக்கி நடக்கிறது. விளையாட்டுதான் இந்தக் கண்ணை உண்டாக்கியது என்று வாதிடுவது மிகை. அக்கண் விளையாட்டைவிட மூத்தது. காட்டைத் தரிசு என்று அளந்து தோட்டமாக்கிய நில அளவையாளரிடமும் அது இருந்தது. விளையாட்டின் குற்றம் அதைப் புதிதாய்ப் படைத்தது அன்று; கேள்வியின்றி மரபுரிமையாக ஏற்று, பொழுதுபோக்கின் இன்பத்தோடு அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றியது.

பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தே பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாழ் என்பது நிலத்தின் பிறவிக்குணம் அன்று. ஒரு நிகழ்வின் விளைவு. பாழைக் காணும்போதெல்லாம் என்ன நிகழ்ந்தது என்று கேட்கப் பழக்கும் கோட்பாடு இது. விளையாட்டு ஆய்வில் இறங்கும் தமிழ் மாணவர்கள் திணையை வெறும் சூழல்வகைப் பட்டியலாகக் குறுக்கி, இந்தக் கோள் குறிஞ்சி, அந்தக் கோள் நெய்தல் என்று ஒட்டுச்சீட்டு ஒட்டுவதில் பொருளில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வமும் உணவும் தொழிலும் அவற்றோடு சேர்ந்த கருப்பொருள். மனித ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் பிரியாத ஏற்பாடே திணை. உரிப்பொருளை நீக்கிவிட்டு எஞ்சுவது வண்ணம் தீட்டிய தரை.

ஆகவே நடை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தைக் கைவிட வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. மேலிருந்து அறிய முடியாத எதைக் கால் அறிகிறது? கால் அறிந்தது கலத்தின் வரைபடத்தை எவ்வாறு திருத்துகிறது? முன்பு நடந்தவருக்கு இப்போது நடப்பவர் என்ன கடன்பட்டிருக்கிறார்? முதல் கேள்விக்கு விடையில்லாத விளையாட்டில் கால்கள் வீண். இரண்டாவதற்கு விடையில்லையேல் இணைப்பு என்ற சொல் வீண். மூன்றாவதற்கு விடையில்லாத விளையாட்டு எத்தனை கோள்களைக் கொண்டிருப்பினும் ஒரே ஒரு நிலத்தைத்தான் கொண்டிருக்கிறது: ஆளில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட நிலம்.

போனக்காட்டிலிருந்து அதிருமலைக்குச் செல்லும் பாதையில் யாரும் முதலில் நடப்பதில்லை. முன்னே ஒரு காணி வழிகாட்டி நடக்கிறார். அவருக்கு முன்னே யானை நடந்திருக்கிறது. அதன் சாணம் எவ்வளவு பழையது என்று அவர் குனிந்து பார்க்கிறார். பின்னால் வருபவர்கள் நிற்கிறார்கள். அவர் கையசைத்த பின்னரே அடுத்த அடி.